வைரசு மருந்து செய்கிற இரசாயனவியலாளரின் வாழ்க்கை எப்படி இருக்கும்?

வெள்ளவத்தையில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா: உயர்தரத்தில் உயிரியல் பிரிவு, பிடித்த பாடம் சேதன இரசாயனம், வைரசுக்கு எதிரான மருந்து மூலக்கூறுகளைச் செய்கிற ஆராய்ச்சிக்குப் போக ஆசை. வீட்டில் "மருத்துவம் கிடைக்காவிட்டால் கணக்கியல் படி" என்கிறார்கள். அந்த ஆராய்ச்சி வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும், கொழும்பில் இருந்துகொண்டு அதைத் தொடங்க முடியுமா என்பது கேள்வி.

தங்கச்சி, நான் பன்னிரண்டு வருடம் இந்த வேலை செய்தவன், முதல் ஏழு வருடம் வெளியில், மிச்சம் கொழும்பில். ஆனால் என் கதையை விட அன்டோனின் ஹோலி என்ற செக் நாட்டு இரசாயனவியலாளரின் கதையைச் சொன்னால் உங்களுக்கு வடிவாக விளங்கும். அவர் பெயர் இங்கே பலருக்குத் தெரியாது. அவர் செய்த மூலக்கூறு கொழும்பில் தினமும் குளிசையாக விழுங்கப்படுகிறது. டி சேரம் பிளேசில் இருக்கிற அரசாங்க எச்.ஐ.வி சிகிச்சை நிலையத்தில் கொடுக்கிற மூன்று மருந்து சேர்ந்த குளிசை இருக்கிறதே, அதில் 300 மில்லிகிராம் டெனொஃபோவிர் டைசொப்ரொக்சில் உப்பு, 300 லமிவுடின், 50 டொலுடெக்ராவிர். முதலாவது ஹோலியின் பிள்ளை. தாயிடம் இருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்று கொடுத்தது. அதன் பின்னால் தாதிமார், மருத்துவர்மார், பரிசோதனைக்கூடத்து ஆட்கள் என்று பெரிய கூட்டத்தின் உழைப்பு இருக்கிறது. அந்தக் கூட்டத்தின் ஒரு மூலையில் பிராகாவில் குடுவையோடு நின்ற அந்த மனிதரும் இருக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஹோலி 1936இல் பிறந்தார். சார்ள்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1960இல் பிராகாவில் உள்ள சேதன இரசாயன, உயிர் இரசாயன நிறுவனத்தில் சேர்ந்தார், கடைசி வரைக்கும் அங்கேதான். சோசலிச ஆட்சிக்காலம், வெளிநாட்டுத் தாக்கிகள், அதாவது தாக்கத்துக்கு வேண்டிய இரசாயனப் பொருட்கள், லேசில் கிடைக்காது. அவர் செய்தது டி.என்.ஏ, ஆர்.என்.ஏ சங்கிலிகளைக் கட்டப் பயன்படுகிற நியூக்ளியோசைட்டுகளைப் போன்ற, ஆனால் சற்று மாறுபட்ட மூலக்கூறுகள். அதுவும் ஒன்று இரண்டு இல்லை, வருடக்கணக்காக நூற்றுக்கணக்கில். அவற்றில் எது வைரசைத் தடுக்கும் என்று சோதிக்க அவரிடம் வசதி போதாது. 1976இல் ஜேர்மனியின் கொட்டிங்கன் நகரில் நடந்த ஒரு கருத்தரங்கில் பெல்ஜியத்தின் லூவன் நகரத்து எரிக் டி கிளேர்க்கைச் சந்தித்தார். அவர் வைரசு ஆய்வாளர். ஒருவர் செய்ய மற்றவர் சோதிப்பது என்று ஏற்பாடு. சோசலிச நாடுகளை மேற்கிலிருந்து பிரித்த இரும்புத் திரைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர், ஆனாலும் அந்த உறவு முப்பது வருடத்துக்கு மேல் ஓடியது. இந்த வேலையில் தனி மனிதரால் மருந்து வருவதில்லை, நல்லதாகச் செய்கிறவரும் நேர்மையாகச் சோதிக்கிறவரும் ஒருவரை ஒருவர் நம்பி வருடக்கணக்கில் பொறுமையாக இருந்தால்தான் வரும். நான் உங்களுக்குச் சொல்ல வந்ததே இதுதான், மிச்சமெல்லாம் இதற்கு விளக்கம்.

சரி, இரசாயனத்துக்கு வருவோம். வைரசு தன்னைப் பெருக்க டி.என்.ஏ அல்லது ஆர்.என்.ஏ சங்கிலியைக் கட்டவேண்டும். கோவில் வாசலில் பூக்கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், ஒவ்வொரு பூவின் காம்பையும் நாரில் சுற்றி அடுத்த பூவை வைப்பார்கள். காம்பில்லாத ஒரு பூவை எப்படியோ கட்டிவிட்டால் அடுத்ததைப் பிடித்துவைக்க இடமில்லை, மாலை அங்கேயே நின்றுவிடும். நியூக்ளியோசைட்டில் அந்தக் காம்பு, வெல்லத்தின் மூன்றாவது காபனில் இருக்கிற ஐதரொட்சைல் கூட்டம். அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் உண்மையான பூ மாதிரியே இருக்கும் ஒரு மூலக்கூறைச் செய்து கொடுத்தால் வைரசின் நொதியம் ஏமாந்து அதைக் கட்டிவிடும், அதோடு சங்கிலி நின்றுவிடும்.

ஆனால் ஒரு சிக்கல். சங்கிலியில் ஏற, அந்த மூலக்கூறில் மூன்று பொசுபேற்றுக் கூட்டங்கள் ஒட்டியிருக்கவேண்டும். நாங்கள் கொடுப்பது பொசுபேற்று இல்லாத ஒன்று, உடலின் நொதியங்கள்தான் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டவேண்டும். முதலாவதை ஒட்டுவதுதான் பெரும்பாலும் கஷ்டமான படி. அசைக்ளோவிர் தெரியும்தானே? அம்மாள் வருத்தம் வந்த பெரிய ஆட்களுக்கு 800 மில்லிகிராம் ஒரு நாளைக்கு ஐந்து தரம் எழுதிக்கொடுப்பார்களே, அது. அம்மாள் வருத்தத்தைக் கொடுப்பது ஹெர்ப்பிஸ் வகை வைரசு, மருந்துக்கு முதல் பொசுபேற்றை ஒட்டுவது அந்த வைரசு தானே கொண்டுவருகிற நொதியம். தொற்றுப்பட்ட கலத்தில்தான் மருந்து உயிர் பெறும், மற்றக் கலங்களுக்குத் தொந்தரவு குறைவு. மிக அழகான வேலை அது. அதன் பின்னால் இருந்த ஆய்வுக்குழுவைச் சேர்ந்த ஜேர்ட்ரூட் எலியனுக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது, அவர் கலாநிதிப் பட்டம் முடிக்காதவர் என்பதையும் வீட்டில் சொல்லுங்கள். எச்.ஐ.வியிடம் அப்படி ஒரு நொதியம் இல்லை.

அப்படியென்றால் முதல் பொசுபேற்றை நாங்களே ஒட்டி அனுப்பினால் என்ன? எல்லாருக்கும் வந்த யோசனைதான். ஆனால் இரத்தத்திலும் கலத்திலும் இருக்கிற நொதியங்கள் காபன்–ஒட்சிசன்–பொசுபரசு என்ற அந்தப் பிணைப்பை உடனே வெட்டி எறிந்துவிடும். ஹோலி என்ன செய்தார் என்றால், ஒட்சிசனை இடம் மாற்றிவிட்டு பொசுபரசைக் காபனோடு நேரடியாகப் பிணைத்தார். பொசுபனேற்று என்று சொல்வோம். அந்தப் பிணைப்பை வெட்ட எங்கள் உடலில் ஆயுதமில்லை. வெல்ல வளையத்தையும் எடுத்துவிட்டு ஒரு சின்னத் திறந்த சங்கிலியை வைத்தார். காம்பும் இல்லை, வெட்டவும் முடியாது. 1986இல் இவரும் டி கிளேர்க்கும் அந்த வகை மூலக்கூறுகள் பற்றி நேச்சர் சஞ்சிகையில் எழுதினார்கள். ஒரே ஒரு அணுவை இடம் மாற்றியதில் ஒரு மருந்துக் குடும்பமே பிறந்தது. முதன்முதலாக அதைக் கடதாசியில் வரைந்து பார்த்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது, அன்று இரவு நித்திரையே வரவில்லை.

குடும்பத்தில் மூன்று பேரை மட்டும் சொல்கிறேன். சிடொஃபோவிர் 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, எயிட்ஸ் நோயாளிகளின் கண்ணைத் தாக்குகிற சைட்டோமெகலோ வைரசுக்கு. அடெஃபோவிரை எச்.ஐ.விக்கு என்று கொண்டுபோனார்கள், அதற்குத் தேவையான அளவில் சிறுநீரகத்தைப் பாதித்தது, 1999இல் அந்த முயற்சி நின்றது. அதே மருந்து 10 மில்லிகிராம் என்ற சின்ன அளவில் ஹெபடைடிஸ் பி ஈரல் வருத்தத்துக்கு 2002இல் வந்தது. மூன்றாவது டெனொஃபோவிர். அடெஃபோவிருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று தாளில் வரைந்து பாருங்கள்: சங்கிலியில் ஒரு மெதைல் கூட்டம், அவ்வளவுதான். ஒரு காபனும் மூன்று ஐதரசனும். அந்த மெதைல் வந்ததால் அந்தக் காபன் இடது கை வலது கை என்று இரண்டு வடிவம் எடுக்கிறது, ஆர் என்கிற வடிவம்தான் எச்.ஐ.விக்கு எதிராக வேலை செய்யும். 1995இல் சயன்ஸ் சஞ்சிகையில் குரங்குகளில் செய்த பரிசோதனை வந்தது. குரங்குகளின் எச்.ஐ.வி மாதிரியான வைரசைக் கொடுத்து 24 மணித்தியாலத்துக்குள் டெனொஃபோவிரைத் தொடங்கியவற்றில் ஒன்றுக்குக்கூடத் தொற்றவில்லை.

அதோடும் முடியவில்லை. பொசுபனேற்றுக்கு மின்னேற்றம் இருக்கிறது, குடல் சுவரைத் தாண்டாது, ஊசி மூலம்தான் ஏற்றலாம். வாழ்நாள் முழுக்கத் தினமும் எடுக்கவேண்டிய மருந்தை ஊசியாகக் கொடுத்து எத்தனை பேருக்குக் கட்டும்? கிலியட் நிறுவனத்தின் இரசாயனவியலாளர்கள் அந்த மின்னேற்றத்தை இரண்டு எசுத்தர் கூட்டங்களால் மூடினார்கள். குடலைத் தாண்டியதும் உடலே மூடியைக் கழற்றிவிடும். மேலே சொன்ன 300 மில்லிகிராமில் உண்மையான டெனொஃபோவிர் 136 மில்லிகிராம்தான், மிச்சம் மூடியும் உப்பும். 2001 ஒக்டோபரில் அனுமதி கிடைத்தது. ஹோலி பிராகா நிறுவனத்தில் சேர்ந்து 41 வருடம். இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ் நாட்டின் கார்டிஃபில் கிறிஸ் மெக்கீகன் என்பவர் வேறு மாதிரி ஒரு மூடியைக் கண்டுபிடித்தார், ஹெபடைடிஸ் சி மருந்தான சொஃபொஸ்புவிர், கொரோனாக் காலத்தில் எல்லாரும் பெயர் கேட்ட ரெம்டெசிவிர், டெனொஃபோவிரின் புதிய 25 மில்லிகிராம் வடிவம் எல்லாம் அந்த யோசனையில் நிற்பவை.

ஹோலி 2012 ஜூலை 16 அன்று இறந்தார். அதே நாளில்தான் டெனொஃபோவிர் சேர்ந்த குளிசையை எச்.ஐ.வி தொற்றாமல் முன்கூட்டியே தடுப்பதற்குக் கொடுக்கலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதித்தது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் கொஞ்சம் தடுமாறும்.

இனி நாளாந்தம். டெனொஃபோவிரைச் செய்வதில் முதல் படியைச் சொல்கிறேன், அப்போது ஆய்வுகூடத்து ஒரு கிழமை எப்படி என்று தெரியும். அடினின் என்ற வெள்ளைத் தூள், ஆர் வடிவ புரொப்பிலீன் காபனேற்று, கொஞ்சம் காரம், கரைப்பானாக டி.எம்.எஃப். அடினின் லேசில் கரையாது, குடுவையில் பால் மாதிரி கலங்கி நிற்கும். 120, 130 பாகைக்குச் சூடாக்கி இரவு முழுக்க விடவேண்டும். பழைய டி.எம்.எஃப் போத்தலைத் திறந்தால் மீன் மணம் அடிக்கும், அப்படி மணத்தால் அது பழுதாகிவிட்டது, ஊற்றக்கூடாது. ஒவ்வொரு சில மணித்தியாலத்துக்கும் ஒரு துளி எடுத்து மெல்லிய சிலிக்காத் தட்டில் புள்ளி வைத்து ஓடவிட்டு ஊதாக்கடந்த விளக்கின் கீழ் பார்ப்போம். பச்சையாக ஒளிரும் தட்டில் கறுப்புப் புள்ளி. தொடங்கிய பொருளின் புள்ளி மறைய வேண்டும், புதியது தெரிய வேண்டும். அதை நீங்கள் ஒரு வருடத்தில் ஆயிரம் தரம் பார்ப்பீர்கள்.

அடினினில் பல நைதரசன்கள் இருக்கின்றன. எங்களுக்கு வேண்டியது 9ஆம் இடத்தில் சங்கிலி ஒட்டுவது. கொஞ்சம் 3இலும் 7இலும் ஒட்டிவிடும். நான் ஆரம்பகாலத்தில் இதே மாதிரி ஒரு மூலக்கூறில் எட்டு மாதம் தொலைத்தேன். தட்டில் ஒரே புள்ளி, நல்ல வெள்ளைத் தூள், திருப்தியாகச் சோதிக்க அனுப்பினேன். சோதித்தவ நல்ல பொறுமையான ஆள், ஒவ்வொரு முறை நான் அனுப்பும் தொகுதிக்கும் வேறு வேறு இலக்கம் வருகிறது, உங்கள் பொருளைத் திரும்பப் பாருங்கள் என்று எழுதினா. எனக்கு முதலில் கோபம். பிறகு மூலக்கூறின் அமைப்பைக் காட்டுகிற என்.எம்.ஆர் வரைபை ஆறுதலாகப் பெருப்பித்துப் பார்த்தேன். அடினினில் 8க்கு அருகில் இரண்டு உச்சிகள்தான் வரவேண்டும், என்னுடையதில் நான்கு, இரண்டு பெரிசு, இரண்டு அடியில் புல் மாதிரிச் சின்னன். சங்கிலி வேறு வேறு இடத்தில் ஒட்டிய இரண்டு சமபகுதியங்கள் ஒன்றாக ஓடி ஒரே புள்ளியாகத் தெரிந்திருக்கின்றன. எட்டு மாதத்து இலக்கங்களையும் எறியவேண்டி வந்தது. அவ அன்று கேட்காமல் விட்டிருந்தால் நான் பிழையான முடிவைக் கட்டுரையாகவே எழுதியிருப்பேன். அதற்குப் பிறகு நான் மாணவர்களிடம் விடாமல் கேட்பது ஒன்றே ஒன்று, உங்கள் தூள் சுத்தமா, எப்படித் தெரியும்?

கொழும்பில் இதைச் செய்வதில் தனிக் கஷ்டங்கள் உண்டு, மறைக்கவில்லை. முதலாவது எதிரி ஈரப்பதன். கடைசிப் படியில் எசுத்தர்களைக் கழற்றப் பாவிக்கிற திரைமெதைல்சிலைல் புரோமைட்டை எங்கள் ஊர்க் காற்றில் திறந்தால் உடனே வெள்ளைப் புகை கிளம்பும், நீராவியோடு தாக்கம் புரிந்து ஐதரசன் புரோமைட்டு வருகிறது. குளிர்நாட்டில் குளிர்காலத்தில் வேலை செய்து பழகியவருக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாது. இங்கே ஊசிமுனை வழியாக, நைதரசனின் கீழ், கண்ணாடிச் சாமானெல்லாம் அவணில் இரவு முழுக்கக் காய்ந்த பிறகுதான். இரண்டாவது, பொருட்கள். வெளிநாட்டில் காலையில் சொன்னால் அடுத்த நாள் வருகிற தாக்கி இங்கே மாதக்கணக்கில் வரும். மூன்றாவதை 2022இல் நீங்களும் அனுபவித்திருப்பீர்கள், மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. இரவு முழுக்க 130 பாகையில் நிற்கவேண்டிய தாக்கம் என்ன செய்யும்? அந்த மாதங்களில் நாங்கள் கரண்ட் வருகிற நேரத்தைப் பார்த்துத் தாக்கங்களைத் திட்டமிட்டோம், குறுகிய தாக்கங்களை மட்டும் செய்தோம். அதிலும் ஒன்றைக் கற்றேன், நாலு மணித்தியாலத்தில் முடிகிற வழி ஒன்று இருக்கிறதா என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

ஆனால் எங்களுக்கு என்று பலமும் இருக்கிறது, அது இயற்கைப் பொருள் இரசாயனம். பேராதனையில் பேராசிரியர் சுல்தான்பாவாவும் அவருடைய குழுவினரும் இந்த நாட்டு மரங்களில் இருந்து, குறிப்பாகப் புன்னைக் குடும்பத்து மரங்களில் இருந்து, பிரித்தெடுத்த சேர்வைகள் உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்பட்டவை. புன்னையை எங்கள் வீதியோரங்களில் பார்த்திருப்பீர்கள், சிங்களத்தில் தொம்ப. அதே புன்னையில் இருந்து எச்.ஐ.வியின் நொதியத்தைத் தடுக்கும் இனோஃபில்லம் என்ற சேர்வைகளை 1990களின் தொடக்கத்தில் வெளிநாட்டு ஆய்வாளர்கள் பிரித்தார்கள். அதன் உறவு மரம் ஒன்று மலேசியாவின் சரவாக்கில். அதில் இருந்து கிடைத்த கலனோலைட் ஏ நல்ல பலன் காட்டியதும் திரும்ப மாதிரி எடுக்கப் போனால் முதலில் எடுத்த மரமே அங்கே இல்லை, வெட்டிவிட்டார்கள். அப்போது கைகொடுத்தது யார்? அதைக் குடுவையில் முழுமையாகத் தொகுத்த சேதன இரசாயனவியலாளர்கள். இயற்கை காட்டிக்கொடுக்கும், ஆனால் போதிய அளவில், சுத்தமாக, மாற்றி மாற்றிச் செய்து பார்க்க உங்கள் கை வேண்டும்.

அப்புறம் வழி. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தில் இரசாயனவியல் சிறப்புப் பட்டம் ஒரு வழி. கிடைக்கவில்லையென்றால் இராஜகிரியவில் இலங்கை இரசாயனவியல் நிறுவனம் நடத்துகிற பட்டத்துக்குச் சமமான கற்கைநெறி இருக்கிறது, 1979இல் தொடங்கியது. அதன் கட்டடத்துக்கே அடமன்டேன் ஹவுஸ் என்று ஒரு மூலக்கூறின் பெயர்தான். அங்கே படித்து வெளிநாடுகளில் கலாநிதிப் பட்டம் செய்யப் போனவர்கள் நிறையப் பேர். கலாநிதிப் பட்டத்துக்கு வெளியில் போவது நல்லது என்பது என் அபிப்பிராயம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பல இடங்களிலும் இரசாயனவியல் கலாநிதி மாணவருக்குச் சம்பளம் மாதிரி ஒரு தொகை தருவார்கள், பெற்றோர் காணி விற்கத் தேவையில்லை. வீட்டில் இந்த ஒரு விசயத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள், ஏனென்றால் அப்பாமாரின் பயம் பெரும்பாலும் காசில்தான் நிற்கிறது. ஆராய்ச்சி சரிவராவிட்டாலும் கையில் தொழில் இருக்கும். இரத்மலானையில் அரசாங்கமே மருந்து உற்பத்தி செய்கிறது, தனியார் மருந்துத் தொழிற்சாலைகள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் தரம் பார்க்கிற இரசாயனவியலாளர் வேண்டும். பிரித்து, சுத்தப்படுத்தி, அளந்து காட்டத் தெரிந்த கை வீணாகப் போவதில்லை.

எதைச் சொல்லித் தடுக்கலாம் என்று கேட்டால், பெறுபேறு உடனே வேண்டும் என்கிற மனமுள்ளவர்கள் இதற்கு வரவேண்டாம். ஜெரோம் ஹோர்விட்ஸ் 1964இல் அசிடோதைமிடினைச் செய்தார், புற்றுநோய்க்கென்று. அது வேலை செய்யவில்லை, ஒதுக்கி வைத்துவிட்டார். இருபத்து மூன்று வருடம் கழித்து 1987இல் அதுதான் எச்.ஐ.விக்கு அனுமதி பெற்ற முதல் மருந்து. அவரிடம் காப்புரிமைகூட இல்லை. உங்கள் மூலக்கூறுகளில் பெரும்பாலானவை போத்தலில் இலக்கத்தோடு அலுமாரித் தட்டில் இருக்கும், அவ்வளவுதான். அந்தத் தட்டைப் பார்த்து உங்களுக்கு மனம் சோர்ந்தால் பாதை கஷ்டமாகத்தான் இருக்கும். அதில் ஒன்றையாவது வடிவாகச் செய்தேன் என்று தோன்றினால் நீங்கள் இருப்பீர்கள்.

விண்ணப்பம் போடுவதற்கு முதல் ஒன்று செய்யுங்கள். பாடசாலை இரசாயன ஆய்வுகூடத்து ஆசிரியரிடம் கேட்டு, அவர் பக்கத்தில் நிற்க, அழுக்கான பென்சோயிக் அமிலம் கொஞ்சம் எடுத்துச் சுடுநீரில் கரையுங்கள், சூட்டோடு வடிகட்டி, அவசரப்படாமல் ஆறவிடுங்கள். ஊசி ஊசியாகப் பளிங்குகள் வளரும். ஐசில் வைத்து வேகமாக ஆற்றினால் தூளாக வந்து அழுக்கையும் பிடித்துக்கொள்ளும், அதையும் ஒரு தரம் செய்து வித்தியாசத்தைப் பாருங்கள். காய்ந்ததும் உருகுநிலை எடுங்கள். 122 பாகைக்குப் பக்கத்தில் சட்டென்று உருகினால் சுத்தம். 117இல் தொடங்கி இழுத்து இழுத்து உருகினால் இன்னும் அழுக்கு இருக்கிறது, மறுபடி கரைக்க வேண்டும். மூன்றாம் தரம் கரைக்கும்போது உங்களுக்கு அலுப்பு வந்ததா, இல்லை இந்த முறை வந்துவிடும் என்று தோன்றியதா என்பதை எனக்கு எழுதுங்கள், அதை வைத்து மேற்கொண்டு கதைப்போம்.